“நீ பேசி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிரும்”: தம்பியைச் சொல்லால் குத்தும் அக்கா

ஒரு அம்மாவின் கேள்வி இது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. பையனுக்கு நாலு வயதில் திக்கிப் பேச ஆரம்பித்தது. இப்போது வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறார்கள். மகள் படிப்பில் கெட்டி, வெளியில் நல்ல பெயர். தம்பியிடம் மட்டும் வாயைத் திறந்தால் ஊசி. “திக்குவாயா”, “நீ பேசி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிரும்”, “உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினாங்க” என்று தொடங்கி, போன வாரம் “நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்” வரை வந்துவிட்டது. திட்டியாயிற்று, இரண்டு அடி வைத்தாயிற்று, மன்னிப்புக் கேட்க வைத்தாயிற்று. மாமியார் “சின்னப் பிள்ளைங்க சண்டை, வளர்ந்தா சரியாயிடும்” என்கிறார். அவளைத் தென்காசியில் ஆச்சி வீட்டில் விட்டுப் படிக்க வைத்துவிடலாமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறார்.

பள்ளியில் மனநல ஆலோசகராக வேலை செய்கிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. உடன்பிறந்தவர்கள் சண்டை போடுவார்கள். ரிமோட்டுக்கு, ஜன்னல் சீட்டுக்கு, கடைசித் துண்டு முறுக்குக்கு நடக்கிற சண்டையில் இரண்டு பேரும் கத்துவார்கள், இரண்டு பேரும் ஜெயிப்பார்கள், தோற்பார்கள், பத்து நிமிடத்தில் சேர்ந்து டிவி பார்ப்பார்கள். அதில் நாம் தலையிடவே வேண்டியதில்லை. நீங்கள் எழுதியிருப்பது அந்த வகை இல்லை. எப்போதும் ஒரே ஆள் சொல்கிறாள், ஒரே ஆள் வாங்கிக்கொள்கிறான். சொல்லப்படுவதும் அவன் செய்த எதையும் பற்றி இல்லை; அவன் மாற்றிக்கொள்ளவே முடியாத ஒன்றைப் பற்றி, அவன் பிறந்ததைப் பற்றி. இது தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரைச் சுற்றிப் பிறந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அதில் கிட்டத்தட்ட 7,000 பிள்ளைகளிடம், 12 வயதில், வீட்டில் அண்ணனோ அக்காளோ தம்பியோ தங்கையோ புண்படுத்துகிறார்களா என்று கேட்டார்கள். வாரத்தில் பல முறை நடக்கிறது என்று சொன்னவர்களில், 18 வயதில் மனச்சோர்வு இருந்தவர்களின் விகிதம் மற்றவர்களைப்போலச் சுமார் இரண்டு மடங்கு. 2014-ல் வெளியான முடிவு இது. எல்லாவற்றுக்கும் அக்காதான் காரணம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வீட்டில் வேறு பிரச்சினைகளும் கூடவே இருந்திருக்கலாம். ஆனால் “இதெல்லாம் ஒன்றுமில்லை” என்று சொல்ல முடியாது என்பதற்கு இது போதும். பள்ளியில் ஒருவன் கிண்டல் செய்தால் வீட்டுக்கு வந்து ஒளிந்துகொள்ளலாம். வீட்டிலேயே நடந்தால் அவன் எங்கே போவான்?

சரி, அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

உங்கள் வீட்டில் இது பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. நீங்கள் தோசைக்கல் பக்கத்தில் நிற்கிறீர்கள். பையன் தட்டோடு உட்கார்ந்து பள்ளியில் நடந்ததைச் சொல்ல ஆரம்பிக்கிறான்: “அம்மா, இ... இ... இன்னைக்கு மிஸ்...” நீங்கள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்க்கிறீர்கள், அவன் முடிக்கும்வரை. கல்லில் தோசை கருகுகிறது. மகள் கேட்ட இரண்டாவது தோசை இன்னும் வரவில்லை. அவளுக்கும் கணக்குப் பரீட்சை பற்றி ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போதுதான் அந்த வார்த்தை வருகிறது: “நீ பேசி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிரும்.”

அப்போது நீங்கள் செய்ய வேண்டியது சின்னது. குரலை உயர்த்தாமல், அவள் பெயரைச் சொல்லி, ஒரே ஒரு வாக்கியம்: “இந்த வீட்டுல யாரோட பேச்சையும் யாரும் கிண்டல் பண்றதில்லை.” அவ்வளவுதான். விளக்கம் வேண்டாம், “எத்தனை தடவை சொல்லிருக்கேன்” வேண்டாம், “அவன் பாவம் இல்லையா” நிச்சயமாக வேண்டாம். பாவம் என்ற சொல் பையன் காதில் விழும்போது அதுவும் இன்னொரு குத்துதான். உடனே பையன் பக்கம் திரும்புங்கள்: “நீ சொல்லுடா தம்பி. மிஸ் என்ன சொன்னாங்க?” அவன் விட்ட இடத்திலிருந்து சொல்லி முடிக்கட்டும். முடித்ததும், “இப்ப அக்கா சொல்லட்டும். கணக்குப் பரீட்சை என்ன ஆச்சு?” என்று அவளிடம் கேளுங்கள். அவள் முறைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போகலாம். போகட்டும். அவளுக்கும் முறை உண்டு என்பதை அவள் கேட்டுவிட்டாள்.

ஏன் இவ்வளவு சுருக்கம் என்றால், இப்போது நடப்பதை அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு வார்த்தை சொன்னால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருகிறாள், அப்பா போனை வைத்துவிட்டு வருகிறார், பாட்டி ஹாலிலிருந்து குரல் கொடுக்கிறார். பதினைந்து நிமிடம் வீடே அவளைச் சுற்றி நிற்கிறது. திட்டுதான் என்றாலும், நாள் முழுக்கக் கிடைக்காத கவனம் அது. அதை எடுத்துவிட்டால் முதல் ஒன்றிரண்டு வாரம் இன்னும் கூர்மையாகச் சொல்லிப் பார்ப்பாள். அந்தச் சமயத்தில்தான் பலர் “இது வேலைக்கு ஆகவில்லை” என்று விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள். வார்த்தை கூடினாலும் உங்கள் வாக்கியம் அதே வாக்கியமாக இருக்கட்டும். சாப்பிடும் இடத்தில் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனால், தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறையில் போய்ச் சாப்பிடச் சொல்லலாம்; முடித்துவிட்டு வந்ததும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது, மறுபடி தோண்டக் கூடாது.

அடிப்பது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தம்பியைப் புண்படுத்தினாள் என்று அவளை அடித்தால், பலம் உள்ளவர் பலம் இல்லாதவரை வலிக்கச் செய்யலாம் என்பதுதான் பாடமாகப் போய்ச் சேரும். அவள் அதைத்தான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள். “வாயில மிளகாயைத் தேய்ச்சிடுவேன்”, “நாக்குல விஷம்டி உனக்கு” என்பவையும் வேண்டாம். விஷ நாக்கு என்று பத்து முறை கேட்ட பிள்ளை அந்தப் பெயருக்கு ஏற்றபடி நடக்கக் கற்றுக்கொள்ளும். உடனடி மன்னிப்பும் அப்படித்தான். தம்பி முன்னால் நிற்க வைத்து “சாரி சொல்லு” என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சாரி வரும்; உள்ளே அவன் மேல் கோபம் இன்னும் ஒரு படி ஏறியிருக்கும். அவனும் அதை நம்பமாட்டான்.

அடுத்தது, இந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். பதினோரு வயதுப் பிள்ளை “தவிட்டுக்கு வாங்கினது” என்று தானாக உருவாக்கவில்லை. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் கிண்டல் அது. பெரும்பாலும் மூத்த பிள்ளையிடம்தான் முதலில் சொல்லியிருப்பார்கள், அதுவும் தம்பி பிறந்த புதிதில்: “இனிமே உன்னை யாரு பார்ப்பா, நீ தவிட்டுக்கு வாங்கினவ, இவன்தான் எங்க பிள்ளை.” உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ யாராவது இதை அவளிடம் சொன்னார்களா என்று யோசியுங்கள். சொல்லியிருந்தால், ஐந்து வயதில் தான் வாங்கியதை அவள் இப்போது அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறாள். “திக்குவாயா” எங்கே கற்றாள்? பள்ளியில் இருக்கலாம். சினிமாவில் திக்கிப் பேசுகிறவரை வைத்துச் சிரிக்க வைப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். டிவியில் அது ஓடும்போது வீட்டில் எல்லாரும் சிரித்திருப்போம். பாசமுள்ள மாமாவே அவனைப் போலப் பேசிக் காட்டியிருப்பார். அவள் அதையெல்லாம் கவனித்திருக்கிறாள். பெரியவர்களுக்கு ஒரு சட்டம், அவளுக்கு ஒரு சட்டம் என்று இருந்தால் அவள் உங்கள் பேச்சைக் கேட்க எந்தக் காரணமும் இல்லை. ஆகவே முதலில் மாமாவிடம் பேசுங்கள். அவள் காதில் விழும்படி பேசினால் இன்னும் நல்லது.

இன்னொரு சாத்தியத்தையும் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே பள்ளி, ஒரே வேன் என்றால், “உன் தம்பி ஏன் அப்படிப் பேசுறான்” என்று அவளிடம் யாராவது தினமும் கேட்டுக்கொண்டிருக்கலாம். என்னிடம் வந்த சில பிள்ளைகள் அப்படித்தான்: வேனில் தம்பியின் பேச்சைச் சொல்லி இவர்களைச் சீண்டுவார்கள், அங்கே பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து தம்பி மேல் இறக்குவார்கள். பெற்றோருக்குக் கடைசிவரை தெரியாது. பிள்ளைக்கே வெட்கமாக இருப்பதால் சொல்லாது.

இப்போது “நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்.” கேட்டதும் உங்கள் வயிறு கலங்கியிருக்கும். ஆனால் இந்த வாக்கியத்தில்தான் அவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். கணக்குப் போடுங்கள். அவளுக்கு ஐந்து வயதுவரை வீடு முழுக்க அவளுடையது. அப்புறம் தம்பி. அது எல்லா மூத்த பிள்ளைக்கும் நடப்பதுதான். இங்கே கூடுதலாக அவன் நாலு வயதில் திக்க ஆரம்பித்தான். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு என்றாலே அவன் பேச்சுதான். வாரம் இரண்டு சாயங்காலம் நீங்கள் பயிற்சிக்குப் போகிறீர்கள். அவள் பூட்டிய வீட்டுக்கோ பாட்டியிடமோ வந்து சேர்கிறாள். அவள் நன்றாகப் படிப்பதால் அவளுடைய நோட்டை யாரும் திறப்பதில்லை. “அவளைப் பத்தி எனக்குக் கவலையே இல்லை, அவ பாட்டுக்கு இருப்பா” என்று நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

அவளிடம் தனியாகப் பேச வேண்டும். சம்பவம் நடந்த அன்று வேண்டாம். இரண்டு நாள் கழித்து, எதிரெதிரே உட்காராமல், தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போதோ துணி மடிக்கும்போதோ பேசுங்கள். முகத்தைப் பார்க்காதபோது இந்த வயதுப் பிள்ளைகள் அதிகம் சொல்வார்கள். “ஏன் அப்படிச் சொன்ன” என்று தொடங்கினால் “சும்மாதான்” என்றுதான் பதில் வரும். “தம்பி பொறக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா பாப்பா?” என்று கேளுங்கள். அவள் ஏதாவது சொல்வாள்: அப்பா வண்டியில் முன்னால் நிறுத்திக் கூட்டிப்போனது, நீங்கள் கதை சொன்னது. மறுக்காமல் கேளுங்கள். “இப்பவும்தானே உன்மேல பாசமா இருக்கோம்” என்று பாதியில் அடைக்காதீர்கள். “ஆமா, அது குறைஞ்சுதான் போச்சு. உனக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்” என்று ஒப்புக்கொள்ளுங்கள். தம்பியைப் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரலாம், பொறாமை வரலாம், சில நாள் பிடிக்காமலும் போகலாம். அதை அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லலாம். அவனிடம் அந்த வார்த்தையாகச் சொல்லக் கூடாது. இந்த ஒரு கோட்டை அவளுக்குத் தெளிவாகக் காட்டுங்கள்.

பேச்சோடு நிறுத்தாமல் அவளுக்கு நேரம் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், அவளும் நீங்களும் மட்டும், அல்லது அவளும் அப்பாவும் மட்டும். மார்க்கெட்டுக்குப் போவது போதும். அந்த நேரத்தில் தம்பியைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். அவள் தம்பியிடம் ஒழுங்காக இருந்தால்தான் இது கிடைக்கும் என்று பரிசாகவும் ஆக்காதீர்கள். கேவலமாக நடந்துகொண்ட வாரத்திலும் அந்த ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். நடக்கிறதா என்று அவள் சோதித்துப் பார்ப்பாள்.

அவளுக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டும்: திக்குவாய் என்றால் என்ன என்று. யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பயிற்சியாளர் உங்களிடம் சொல்கிறார், நீங்கள் அவள் அப்பாவிடம் சொல்கிறீர்கள், அவளுக்குத் தெரிவதெல்லாம் இவன் சரியாகப் பேசமாட்டேன் என்கிறான், அதற்கு எல்லாரும் தாங்குகிறார்கள் என்பதுதான். 11 வயதுக்குப் புரியும்படி சொல்லுங்கள். நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்குச் சின்ன வயதில் பேச்சு திக்கும். பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் நடுவில் ஆரம்பிக்கும். பலருக்கு வளர வளரப் போய்விடும், நூற்றில் ஒருவருக்குப் பெரியவரான பிறகும் இருக்கும். மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதத்தில் உள்ள வித்தியாசம் அது. குடும்ப வழியாகவும் வரும். பயத்தாலோ சோம்பலாலோ நாக்கு தடித்திருப்பதாலோ வருவதில்லை. அவசரப்படுத்தினால், கிண்டல் செய்தால், அவன் சொல்ல வந்ததை வேறு யாராவது சொல்லி முடித்தால் இன்னும் சிரமமாகும். இந்தக் கடைசி விஷயத்தைப் பாட்டிக்கும் சேர்த்தே சொல்லுங்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்ப்பதும் வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசச் சொல்வதும் திக்கலைக் குணப்படுத்தாது. கல் தொண்டையில் சிக்கினால் ஆபத்து.

திக்கிப் பேசுகிற பெரும்பாலோருக்குப் பாடும்போது திக்காது. இன்னொருவரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் வெகுவாகக் குறையும். மகளுக்கு மனசு இருந்தால், இரண்டு பேரும் ஒரு கதையைச் சேர்ந்து சத்தமாகப் படிக்கட்டும். தன்னோடு படிக்கும்போது அவன் தடையில்லாமல் படிக்கிறான் என்பதை அவள் தன் காதாலேயே கேட்பாள். ஆனால் இது சிகிச்சையும் இல்லை, அவள் பயிற்சியாளரும் இல்லை. “நீதான் பெரியவ, தம்பியை நீதான் பார்த்துக்கணும்” என்று அவள் தலையில் இன்னொரு பொறுப்பைக் கட்டினால் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். அவள் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

கேம்பிரிட்ஜில் 1980களின் தொடக்கத்தில் ஜூடி டன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாவும் இரண்டாவது குழந்தை பிறந்த 40 குடும்பங்களைக் கவனித்து எழுதினார்கள். “பாப்பா ஏன் அழுவுது, பசிக்குதா, தூக்கம் வருதா, நீ என்ன நினைக்கிற?” என்று கைக்குழந்தையையும் ஆசாபாசமுள்ள ஓர் ஆளாக வைத்து மூத்த பிள்ளையோடு பேசிய தாய்மாரின் வீடுகளில், பிற்பாடு பிள்ளைகள் ஒருவரோடொருவர் அன்பாகப் பழகினார்கள். உங்கள் மகளுக்கு 11 வயதானாலும் இது பொருந்தும் என்பது என் அனுபவம். “அப்படிச் சொல்லாதே” என்பதைவிட, “அவன் அந்த ‘இ’யிலயே நிக்கும்போது அவனுக்கு உள்ள எப்படி இருக்கும்னு நினைக்கிற?” என்ற கேள்வி ஆழமாகப் போகும். தனியாக, அமைதியாக, ஒரே ஒரு முறை கேட்டால் போதும்.

பையனிடமும் வேலை இருக்கிறது. “அவ சும்மா சொல்றா, கண்டுக்காதே” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். வலித்தது வலிக்கவில்லை என்று நாமே சொல்வது போல ஆகிவிடும். “அக்கா சொன்னது தப்பு. உனக்குக் கஷ்டமா இருந்துச்சா?” என்று கேளுங்கள். பதிலுக்குச் சொல்ல அவனுக்கு ஒரு வார்த்தை கொடுங்கள். சுலபமாக வாயில் வருகிற ஒன்றை அவனே தேர்ந்தெடுக்கட்டும். வார்த்தை வராதபோது உள்ளங்கையைக் காட்டி “நிறுத்து” என்று சைகை செய்யலாம். அந்தச் சைகைக்கு வீட்டில் எல்லாரும் மதிப்புக் கொடுக்க வேண்டும். அதே சமயம் அவனும் சீண்டுவான் என்பதை மறக்காதீர்கள். அக்காவின் ரெக்கார்டு நோட்டில் கிறுக்குவது, கலர் பென்சிலை எடுத்து உடைப்பது, அவள் கத்தியதும் ஓடிவந்து அம்மா பின்னால் நிற்பது. அவனுக்குப் பேச்சு சிரமம் என்பதற்காக இதற்கெல்லாம் விலக்கு கிடையாது. அவளுக்கு ஒரு அலமாரித் தட்டு, வீடு சின்னது என்றால் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, அவள் அனுமதி இல்லாமல் அவன் தொடக்கூடாதது என்று இருக்கட்டும். அவள் வாயை அடக்க வேண்டுமென்றால், நியாயம் கேட்க அவளுக்கு வேறு வழி இருக்க வேண்டும்.

மன்னிப்பு எப்போது? வார்த்தையைச் சொன்ன நாள் கழிந்த பிறகு, “தம்பிக்கு அது இன்னும் மனசுல இருக்கு. அதைச் சரி பண்ண நீ என்ன செய்யலாம்?” என்று அவளிடமே விடுங்கள். சிலர் எழுதிக் கொடுப்பார்கள், சிலர் விளையாடக் கூப்பிடுவார்கள், சிலர் தங்கள் பங்கு மிட்டாயைச் சத்தமில்லாமல் அவன் தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். அது போதும். “வாயால சொல்லு” என்று துரத்த வேண்டாம்.

சில அறிகுறிகள் தெரிந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள். பையன் பேசுவதையே குறைத்துக்கொண்டால், பள்ளி நேரத்தில் தினமும் வயிற்று வலி என்றால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பினால், “நான் செத்துப் போறேன்” என்று யாராவது ஒருவர் சொன்னால், வார்த்தை கைகலப்பாக மாறினால், அல்லது மகளுக்குத் தூக்கமும் சாப்பாடும் குறைந்து எல்லாரிடமும் எரிந்து விழுந்தால் ஆலோசகரையோ குழந்தைகள் மனநல மருத்துவரையோ பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாக, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். பல மாவட்டங்களில் அரசு மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்தில் பேச்சுப் பயிற்சியும் உளவியல் ஆலோசனையும் செலவில்லாமல் கிடைக்கும். பையனின் பயிற்சியாளரிடம் வீட்டில் நடப்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஒரு முறை மகளையும் கூட்டி வரச் சொல்வார், சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கடைசியாகத் தென்காசி. வேண்டாம். “நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்” என்று அவள் சொன்ன அடுத்த மாதமே அவளை அனுப்பினால், இந்த வீட்டில் யாருக்கு இடம், யாருக்கு இடமில்லை என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். பையனும் தன்னால்தான் அக்கா போனாள் என்று நினைத்துக்கொள்வான். கோபத்தில் “ஆச்சி வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன்” என்று மிரட்டுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். கோடை விடுமுறையில் அவளே ஆசைப்பட்டால் பத்து நாள் போய் வரட்டும்; போகும்போதே திரும்பும் தேதியைச் சொல்லிவிடுங்கள், கூட்டிவர நீங்களே போங்கள்.